ஸ்கேனில் கணு இல்லை, கால்சிட்டோனின் 164: மெடுல்லரி தைராய்டு புற்றுநோயில் ஒரு நிகழ்வு ஆய்வு

தைராய்டு புற்றுநோய் என்றதும் பலரும் நினைப்பது பாப்பில்லரி வகையைத்தான். அது பெரும்பாலும் மெதுவாக வளரும். கழுத்தின் நிணநீர்க் கணுக்களில் சிறிது நோய் தங்கிவிட்டாலும் கதிரியக்க அயோடின் கொடுத்து அதை அழிக்க வழி இருக்கிறது. மெடுல்லரி வகையில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. இந்தப் புற்றுநோய் தைராய்டு ஹார்மோன் சுரக்கும் செல்களில் தோன்றுவதில்லை. அவற்றுக்கிடையே சிதறிக் கிடந்து கால்சிட்டோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கும் சி செல்களில் தோன்றுகிறது. சி செல்கள் அயோடினை உறிஞ்சுவதில்லை. தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோனின் அளவைத் தாழ்த்தி வைத்தாலும் அவை அடங்குவதில்லை. முழுமையாகக் குணமாக்கும் வாய்ப்பு அநேகமாக முதல் அறுவை சிகிச்சையிலேயே இருக்கிறது. ஆகவே எந்தக் கணுக்களில் நோய் இருக்கக்கூடும் என்பதைக் கத்தி வைப்பதற்கு முன்பே கணித்தாக வேண்டும்.

இங்கே பேசப்படும் நோயாளி ஒரு தனிமனிதர் அல்லர். கற்பித்தலுக்காக அமைத்த நிகழ்வு இது. அவருடைய பரிசோதனை எண்கள் அதற்காகவே வகுக்கப்பட்டவை. அவற்றை எடைபோட எடுத்துக்கொண்ட வரம்புகளும் விகிதங்களும் வெளியான ஆய்வுகளில் உள்ளவை.

நோயாளியும் முதல் பரிசோதனைகளும்

47 வயதுப் பெண். கழுத்தின் வலப்பக்கம் சிறிய வீக்கம் இருப்பதைத் தானே கவனித்து வந்தார். வலி இல்லை, குரல் மாறவில்லை, விழுங்குவதில் சிரமம் இல்லை. வயிற்றுப்போக்கோ முகம் திடீரெனச் சிவப்பதோ இல்லை. குடும்பத்தில் யாருக்கும் தைராய்டு புற்றுநோயோ அட்ரீனல் கட்டியோ இருந்ததாகத் தெரியவில்லை. டி.எஸ்.எச். இயல்பாக இருந்தது.

அல்ட்ராசவுண்டில் வலது மடலின் மேல் பகுதியில் 17 மி.மீ. அளவுள்ள திடக் கட்டி தெரிந்தது. எதிரொலி குறைவு, ஓரம் ஒழுங்கற்றது, உள்ளே தடித்த சுண்ணாம்புப் படிவு. இடது மடல் சுத்தமாக இருந்தது. பக்கவாட்டுக் கழுத்தில் சந்தேகத்துக்குரிய கணு எதுவும் இல்லை என்று அறிக்கை சொன்னது. வலது 3-ஆம் பகுதியில் (கழுத்துக் கணுக்களை எண்ணிட்ட பகுதிகளாகப் பிரிப்பது வழக்கம்) 6 மி.மீ. கணு ஒன்று குறிக்கப்பட்டிருந்தது; நீள்வட்ட வடிவமும் நடுவே கொழுப்பு மையமும் தெளிவாக இருந்ததால் அது இயல்பானதாகக் கொள்ளப்பட்டது. இந்தக் கணுவை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் ஊசி உறிஞ்சல் பரிசோதனை, செல் பரிசோதனை முடிவுகளை வகைப்படுத்தும் பெதஸ்டா அளவீட்டில் 3 என்று வந்தது. அதாவது, உறுதியாக எதையும் சொல்ல முடியாத நிலை. மெடுல்லரி புற்றுநோயில் இது அரிதல்ல. வழக்கமான சாயங்களை மட்டும் நம்பினால் ஊசிப் பரிசோதனை இந்த நோயின் பெரும் பங்கைத் தவறவிடுகிறது. ஆனால் செல் நோயியல் மருத்துவர் அறிக்கையின் அடியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: சில செல்கள் கதிர் வடிவில் நீண்டிருக்கின்றன, உட்கருவில் உப்பும் மிளகும் தூவியது போன்ற அமைப்பு இருக்கிறது, கால்சிட்டோனின் பார்ப்பது நல்லது. அந்த ஒரு வரிதான் நோயாளியின் பாதையை மாற்றியது. அது இல்லாதிருந்தால் வலது மடலை மட்டும் எடுத்து, கணுக்கள் எதையும் தொடாமல், நோயியல் அறிக்கை வந்தபின் எல்லாரும் திகைத்து நின்றிருக்கக்கூடும்.

அடிப்படைக் கால்சிட்டோனின் மி.லி.க்கு 171 பிகோகிராம். அந்தப் பரிசோதனை முறையில் இயல்பளவு 10-க்குக் கீழ். நோயாளி வயிற்றெரிச்சலுக்கு ஒமெப்ரசோல் எடுத்துவந்தார். அந்த வகை மாத்திரைகள் காஸ்ட்ரின் என்ற வயிற்று ஹார்மோனை உயர்த்தி, அதன் வழியாகக் கால்சிட்டோனினையும் ஓரளவு உயர்த்தக்கூடும். ஆகவே அதை நிறுத்திவிட்டு, மாதிரியைப் பனிக்கட்டியில் வைத்து விரைந்து பிரித்தெடுத்து, அதே ஆய்வகத்தில் மறுமுறை அளந்தார்கள். 164 என்று வந்தது. சிறுநீரகச் செயல்பாடு இயல்பு. இந்தப் புற்றுநோயின் இன்னொரு இரத்த அடையாளமான சி.இ.ஏ. மி.லி.க்கு 8.1 நானோகிராம். கட்டியில் மீண்டும் ஊசி செலுத்தி, ஊசியைக் கழுவிய திரவத்தில் கால்சிட்டோனின் அளந்தபோது மிக உயர்ந்த அளவு வந்தது. நோயறிதலில் இனி ஐயமில்லை.

அறுவைக்கு முன் இன்னும் மூன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும்: அட்ரீனல் சுரப்பியில் வரும் பியோகுரோமோசைட்டோமா கட்டி இருக்கிறதா, கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பிகளின் மிகைச் சுரப்பு இருக்கிறதா, ரெட் மரபணுவில் பிறவி மாற்றம் இருக்கிறதா. மெடுல்லரி புற்றுநோய்களில் ஏறத்தாழ கால் பங்கு பரம்பரையாக வருபவை. குடும்ப வரலாறே இல்லாதவர்களிலும் 1 முதல் 7 சதவீதத்தினரிடம் ரெட் மாற்றம் கிடைக்கிறது. அட்ரீனலில் ஒளிந்திருக்கும் கட்டியை அறியாமல் மயக்க மருந்து கொடுப்பது உயிருக்கே ஆபத்து. இவரிடம் அட்ரீனல் கட்டியைக் காட்டும் பிளாஸ்மா மெட்டாநெஃப்ரின், கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன் எல்லாம் இயல்பு. ரெட் மாற்றம் இல்லை.

கணிப்பு: எண்களும் படங்களும் முரண்படும்போது

படம் சொல்வது: கணுக்களில் நோய் இல்லை. இரத்தம் சொல்வது வேறு.

ஜெர்மனியின் ஹாலே நகரைச் சேர்ந்த மாஹென்ஸ், டிராலே ஆகியோர் முன்பு சிகிச்சை பெறாத 300 மெடுல்லரி நோயாளிகளின் தரவை 2010-இல் வெளியிட்டார்கள். அறுவைக்கு முந்தைய கால்சிட்டோனின் 20-க்குக் கீழ் இருந்தவர்களில் கணுப் பரவல் காணப்படவில்லை. 20-ஐத் தாண்டும்போது கட்டியிருக்கும் பக்கத்தில் கழுத்தின் மையப் பகுதியிலும் (தைராய்டையும் மூச்சுக்குழாயையும் ஒட்டிய இடம்) பக்கவாட்டுப் பகுதியிலும் பரவல் தென்படத் தொடங்கியது. 50-ஐத் தாண்டினால் எதிர்ப்பக்க மையப் பகுதி, 200-ஐத் தாண்டினால் எதிர்ப்பக்கப் பக்கவாட்டுப் பகுதி, 500-ஐத் தாண்டினால் மார்பின் மேற்பகுதிக் கணுக்கள். இந்த நான்கு எண்களும் படிகளைப்போல வரிசையாக அமைந்திருப்பதால் மனத்தில் எளிதில் பதிகின்றன. ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. 20-ஐத் தாண்டியவர் எல்லாருக்கும் கணுவில் நோய் இருக்கிறது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. அந்த அளவுக்குக் கீழே பரவல் பார்க்கப்படவில்லை, அதற்கு மேல் பார்க்கப்பட்டிருக்கிறது என்றுதான் சொல்கிறது. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டு கழுத்தைத் திறப்பவர்கள் தேவையில்லாத வடுக்களையும் தோள் வலிகளையும் உண்டாக்குகிறார்கள்.

சி.இ.ஏ.வைப் பொறுத்தவரை, 30 நானோகிராமுக்கு மேல் போனால் மையப் பகுதியிலும் அதே பக்கப் பக்கவாட்டிலும், 100-க்கு மேல் போனால் எதிர்ப்பக்கத்திலும் தொலைவுறுப்புகளிலும் பரவல் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பது அதே குழுவின் இன்னொரு கண்டுபிடிப்பு. இவருடைய 8.1 அந்த வரம்பை நெருங்கவே இல்லை. கால்சிட்டோனின் 500-க்குக் கீழ் இருந்ததால் நெஞ்சு, கல்லீரல், எலும்பு எனத் தேடிப்போகும் படப் பரிசோதனைகள் அவசியப்படவில்லை.

கட்டியின் இடமும் கவனிக்கத்தக்கது. சி செல்கள் மடல்களின் மேல், நடுப் பகுதிகளில்தான் செறிந்திருக்கின்றன. மேல்முனையிலிருந்து புறப்படும் நிணநீர் சில வேளை மையப் பகுதியைத் தாண்டி நேராகப் பக்கவாட்டுக் கணுக்களுக்குப் போகிறது. ஆகவே மையப் பகுதி சுத்தமாக இருந்தாலும் பக்கவாட்டில் நோய் இருக்க இடமுண்டு.

இனி அல்ட்ராசவுண்டு. கழுத்துக் கணுக்களைப் பார்க்க அதைவிட நல்ல கருவி நம்மிடம் இல்லை. அதைக் குறைத்துச் சொல்வது நோக்கமல்ல. ஆனால் அது காட்டுவது கணுவின் வடிவத்தை. கொழுப்பு மையம் மறைவது, கணு உருண்டையாவது, உள்ளே சுண்ணாம்பு படிவது, ஓரத்தில் இரத்த ஓட்டம் பெருகுவது எல்லாமே நோய் ஓரளவு வளர்ந்தபின் நிகழ்பவை. கணுவின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் 1 அல்லது 2 மி.மீ. படிவு அந்த வடிவத்தைக் கலைப்பதில்லை. மையப் பகுதியிலோ தைராய்டும் மூச்சுக்குழாயும் கணுக்களை மறைத்துவிடுகின்றன. கால்சிட்டோனினுக்கு வடிவம் ஒரு பொருட்டல்ல. எத்தனை செல்கள் இருக்கின்றனவோ அத்தனைக்கு அது சுரக்கிறது. 17 மி.மீ. கட்டி ஒன்றே 164 பிகோகிராமைச் சுரந்திருக்க முடியுமா? முடியும். கட்டிக்குக் கட்டி சுரப்பு வேறுபடுகிறது. அதனால்தான் அந்த எண் சந்தேகத்தைக் கொடுக்கிறது, தீர்ப்பைக் கொடுப்பதில்லை.

கண்ணாலும் விரலாலும் அறுவை மேசையில் கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் குறைவு. மோலியும் டிபெனடெட்டியும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், கையால் தொட்டுணரக்கூடிய கட்டி ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தவர்களிடம் மையப் பகுதியில் 81 சதவீதமும், அதே பக்கப் பக்கவாட்டில் 81 சதவீதமும், எதிர்ப்பக்கத்தில் 44 சதவீதமும் கணுப் பரவல் இருந்தது. அறுவை மருத்துவர் மேசையில் தொட்டுப் பார்த்துச் சொன்ன மதிப்பீட்டின் உணர்திறன், அதாவது நோயுள்ள கணுக்களைக் கண்டுபிடிக்கும் திறன், 64 சதவீதமே. அனுபவம் மிகுந்த கைகளிலேயே இந்த நிலை.

அமெரிக்க தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டுதல், படத்தில் கணுப் பரவல் இல்லாதவர்களுக்கு முழுத் தைராய்டையும் மையப் பகுதிக் கணுக்களையும் எடுக்கச் சொல்கிறது. பக்கவாட்டுக் கழுத்தைக் கால்சிட்டோனின் அளவை வைத்து முன்னெச்சரிக்கையாகத் திறக்கலாமா என்பதில் வல்லுநர்களிடையே ஒருமித்த கருத்து எட்டப்படவில்லை என்று அதுவே எழுதியிருக்கிறது. இந்த நோயாளி சரியாக அந்த இடைவெளியில் நின்றார்.

மேசையில் எடுத்த முடிவு

மூன்று வழிகள் இருந்தன. முதலிலேயே வலது பக்கவாட்டையும் திறந்துவிடுவது. அல்லது மையப் பகுதியோடு நிறுத்தி, நோயியல் அறிக்கையும் அறுவைக்குப் பிந்தைய கால்சிட்டோனினும் வந்தபின் தேவைப்பட்டால் மீண்டும் அழைப்பது. அல்லது மையப் பகுதிக் கணுக்களை உறைவெட்டு முறையில் (திசுவை உறையவைத்து வெட்டி, அறுவை நடக்கும்போதே நுண்ணோக்கியில் பார்ப்பது) அங்கேயே பார்த்து, அது சொல்வதை வைத்து முடிவெடுப்பது.

இரண்டாவது வழியை எளிதில் ஒதுக்கிவிடக் கூடாது. மையப் பகுதிக்குள் மறுமுறை போவது கடினம். குரல்வளை நரம்பும் பாராதைராய்டுகளும் வடுவுக்குள் புதைந்திருக்கும். ஆனால் முதல் அறுவையில் தொடாமல் விட்ட பக்கவாட்டுக் கழுத்து தொடாத நிலமாகவே காத்திருக்கும். அங்கே சில மாதம் கழித்துப் போவதில் கூடுதல் தொழில்நுட்பச் சிக்கல் பெரிதாக இல்லை. நோயாளிக்கு இன்னொரு மயக்க மருந்தும் இன்னொரு காத்திருப்பும்தான் விலை. அந்தக் காத்திருப்பு சிலருக்கு மிகக் கனமானது.

குழு மூன்றாவது வழியைத் தேர்ந்தது. அதற்கு அடிப்படை ஹாலே குழுவின் 2008 ஆய்வு. மையப் பகுதியில் நோயுள்ள கணு ஒன்றுகூட இல்லையென்றால் அதே பக்கப் பக்கவாட்டில் பரவல் 10.1 சதவீதம், 1 முதல் 3 கணுக்கள் என்றால் 77 சதவீதம், 4-உம் அதற்கு மேலும் என்றால் 98 சதவீதம். பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்குப் போகும்போது ஏற்படும் அந்தத் தாவலைப் பாருங்கள். அறுவைக்கு முன் கிடைக்கும் எந்த எண்ணும் இவ்வளவு கூர்மையாகப் பிரிப்பதில்லை. கழுத்தே தன் நிலையைச் சொல்கிறது. கேட்கத் தயாராக இருந்தால் போதும்.

நோயாளியிடம் அறுவைக்கு முன்பே இதையெல்லாம் விளக்கி, பக்கவாட்டைத் திறக்க நேர்ந்தால் தோளை உயர்த்தும் நரம்பு பாதிக்கப்படலாம், நிணக் கசிவு வரலாம், காது மடல் மரத்துப்போகலாம் என்பதைச் சொல்லி ஒப்புதல் பெற்றிருந்தார்கள்.

முழுத் தைராய்டும் இருபக்க மையக் கணுக்களும் எடுக்கப்பட்டன. உறைவெட்டில் வலது மூச்சுக்குழாய் ஓரக் கணுக்களில் இரண்டில் நோய் தெரிந்தது. முதன்மைக் கட்டியைச் சுற்றி அடர்ந்த நார்த்திசு எதிர்வினையும் இருந்தது. இந்த நார்த்திசு எதிர்வினை இன்னும் பரவலாகக் கவனிக்கப்பட வேண்டிய அடையாளம். வியன்னா குழுவின் ஆய்வுகளில் இது இல்லாத கட்டிகளில் கணுப் பரவலும் காணப்படவில்லை. சி செல் கட்டி தன்னைச் சுற்றியுள்ள திசுவைத் துளைத்து முன்னேறும்போதுதான் அந்த நார்த்திசு உருவாகிறது என்பதால் இதில் உயிரியல் பொருத்தமும் இருக்கிறது. அது இருந்தால் பரவியிருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. அது இல்லாதபோது கிடைக்கும் நிம்மதிதான் அதன் பயன்.

வலது பக்கவாட்டுக் கணுக்கள், 2-ஆம் பகுதி முதல் 5-ஆம் பகுதி வரை, அதே அமர்வில் எடுக்கப்பட்டன.

நோயியல் அறிக்கை

17 மி.மீ. மெடுல்லரி புற்றுநோய், தைராய்டு உறைக்குள் அடங்கியது. 2022-இல் ஏற்கப்பட்ட சர்வதேசத் தர அளவீட்டின்படி தாழ்தரம்: செல்பிளவு எண்ணிக்கை குறைவு, செல்கள் பெருகும் வேகத்தைக் காட்டும் கி-67 என்ற அளவு 5 சதவீதத்துக்குக் கீழ், திசு அழுகல் இல்லை. மையப் பகுதியில் 11 கணுக்களில் 2, வலது பக்கவாட்டில் 26 கணுக்களில் 3 நோயுற்றவை. மையத்தின் இடப்பக்கக் கணுக்கள் சுத்தம். பக்கவாட்டில் மிகப் பெரிய படிவு 4 மி.மீ. அல்ட்ராசவுண்டில் இயல்பு என்று எழுதப்பட்ட 3-ஆம் பகுதிக் கணுவில் 2 மி.மீ. படிவு இருந்தது. அதைப் பார்த்த மருத்துவர் தவறு செய்யவில்லை. அந்தக் கணுவை யார் பார்த்திருந்தாலும் இயல்பு என்றுதான் எழுதியிருப்பார்கள்.

நிலை வகைப்பாட்டில் இது 4ஏ. பக்கவாட்டுக் கணுவில் நோய் இருந்தாலே, கட்டி எவ்வளவு சிறிதாக இருந்தாலும், மெடுல்லரி வகையில் இந்த எண் வந்துவிடும். அறிக்கையை வீட்டில் தனியாகப் படிக்கும் நோயாளிக்கு அந்த 4 என்ன செய்யும் என்பதை நாம் யோசிக்க வேண்டும். தொலைவுறுப்புகளில் நோய் பரவியிருப்பதைக் குறிக்கும் 4சி வேறு, இது வேறு. அறிக்கையைக் கையில் கொடுப்பதற்கு முன்பே இதை வாய்மொழியாக விளக்கியிருந்தது நல்லது.

இடது பக்கவாட்டைத் திறந்திருக்க வேண்டுமா?

இந்த நிகழ்வின் மிகக் கடினமான கேள்வி இதுதான். இரண்டு கணிப்புகள் இங்கே ஒன்றுக்கொன்று எதிராக நிற்கின்றன. கால்சிட்டோனின் 164, 200-க்குக் கீழ், எதிர்ப்பக்கப் பக்கவாட்டில் எதிர்பார்க்கத் தேவையில்லை. ஆனால் 2008 ஆய்வின்படி மையப் பகுதியில் 1 முதல் 9 கணுக்கள் நோயுற்றிருந்தால் எதிர்ப்பக்கப் பக்கவாட்டில் பரவல் 28.4 சதவீதம். ஒன்றுமில்லாதபோது 4.9, பத்தும் அதற்கு மேலும் என்றால் 77.

எந்த எண்ணை நம்புவது? 1 முதல் 9 என்பது அகலமான கூடை. இரண்டு கணுக்கள் உள்ளவரும் ஒன்பது உள்ளவரும் அதில் ஒன்றாகக் கிடக்கிறார்கள். இந்த நோயாளி அதன் கீழ் முனையில் இருக்கிறார். இடது மடலில் கட்டி இல்லை. இடப்பக்க மையக் கணுக்கள் சுத்தம். ரெட் மாற்றம் இல்லாததால் இரு மடல்களிலும் நோய் முளைக்கும் வாய்ப்பும் குறைவு. இவற்றையெல்லாம் சேர்த்தால் 28 என்பது இவருக்குப் பொருந்தாத உயர் எண் என்றே படுகிறது. குழு இடப்பக்கத்தைத் தொடவில்லை. அந்த முடிவு சரியானது என்பது என் கருத்து.

இங்கே கணிப்பு ஆய்வுகளின் ஒரு அடிப்படைக் குறையைச் சொல்லியாக வேண்டும். கட்டியின் அளவு, பாலினம், பல இடங்களில் கட்டி இருப்பது, உறையைத் தாண்டுவது, கால்சிட்டோனின், அல்ட்ராசவுண்டு அடையாளங்கள் ஆகியவற்றைச் சேர்த்து மதிப்பெண் அட்டவணைகள் பல வந்திருக்கின்றன. படங்களின் நுண்ணமைப்பைக் கணினி கொண்டு அளக்கும் மாதிரிகளும் வருகின்றன. பெரும்பாலானவை ஒற்றை மருத்துவமனையின் பழைய பதிவுகளைக் கொண்டு உருவானவை. பக்கவாட்டுக் கழுத்து யாருக்குத் திறக்கப்பட்டது? ஏற்கெனவே சந்தேகப்பட்டவர்களுக்கு. திறக்கப்படாதவர்கள் சில ஆய்வுகளில் நோயற்றவர்களாக எண்ணப்படுகிறார்கள், சிலவற்றில் கணக்கிலேயே வருவதில்லை. முதல் வகையில் ஆபத்து குறைவாகத் தெரியும். இரண்டாம் வகையில் மிகையாகத் தெரியும். போதாததற்கு, ‘கணுவில் நோய் இல்லை’ என்ற முடிவே எத்தனை கணுக்களை எடுத்தார்கள், ஒவ்வொன்றையும் எத்தனை துண்டுகளாக வெட்டிப் பார்த்தார்கள் என்பதைப் பொறுத்தது. 4 கணு எடுத்துச் சுத்தம் என்பதும் 26 கணு எடுத்துச் சுத்தம் என்பதும் ஒன்றாகாது. இந்த நோயாளியின் 3 கணுக்களும் மெல்லிய துண்டுகளாக வெட்டப்படாமல் இருந்திருந்தால் எதிர்காலத்தில் ஒரு ஆய்வில் அவர் ‘பக்கவாட்டில் பரவல் இல்லை’ வரிசையில் சேர்ந்திருக்கலாம்.

கால்சிட்டோனின் அளவும் கருவிக்குக் கருவி மாறுகிறது. ஒரு நிறுவனத்தின் கருவியில் கிடைத்த 200 வரம்பை இன்னொன்றில் வரும் 190-இன் மேல் அப்படியே வைத்துப் பார்ப்பது ஆபத்தானது. வரம்புக்கு அருகில் நிற்கும் எண்ணை வரம்பாகவே மதித்துச் சிந்திப்பது நல்லது.

பின்தொடர்தல்

அறுவைக்குப் பின் சில வாரம் கால்சியம் குறைந்திருந்தது, மாத்திரைகளால் சரியானது. குரல் நலம். வலது தோளில் லேசான இறுக்கம் இயன்முறைப் பயிற்சியில் தளர்ந்தது. தைராய்டு ஹார்மோன் மாத்திரையான லெவோதைராக்சின் இயல்பான டி.எஸ்.எச். அளவை இலக்காகக் கொண்டு கொடுக்கப்படுகிறது, தாழ்த்தி வைப்பதில்லை.

மூன்றாம் மாதத்தில் கால்சிட்டோனின் 6. இயல்பு வரம்புக்குள், ஆனால் அளக்க முடியாத நிலைக்கு இறங்கவில்லை. ஆறாம் மாதத்தில் 6, ஓராண்டில் 7. சி.இ.ஏ. இயல்பு. அந்த 6 எங்கிருந்து வருகிறது? இடது பக்கவாட்டில் கண்ணுக்குத் தெரியாத படிவு இருக்கலாம். மையத்தில் எஞ்சிய சில செல்களாக இருக்கலாம். கருவியின் அடிமட்ட இரைச்சலாகவும் இருக்கலாம். இந்த அளவில் எந்தப் படமும் பதில் சொல்லாது. தேடிப் படமெடுத்தால் நோயாளியின் அச்சம்தான் வளரும்.

இப்போது பார்க்க வேண்டியது எண் எவ்வளவு விரைவில் இரட்டிப்பாகிறது என்பதை. பார்பே குழு 2005-இல் காட்டியபடி, இரட்டிப்புக் காலம் 6 மாதத்துக்குக் குறைவாக இருந்தவர்களில் 10 ஆண்டு உயிர்வாழ்வு 8 சதவீதம். 2 ஆண்டைத் தாண்டியவர்கள் அனைவரும் அந்த ஆய்வின் முடிவில் உயிரோடு இருந்தார்கள். 6-க்கும் 7-க்கும் இடையிலான வேறுபாடு பரிசோதனைப் பிழைக்குள் அடங்குவதால் இரட்டிப்பைக் கணக்கிட இன்னும் அளவுகள் வேண்டும். அதே ஆய்வகம், அதே கருவி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கூடவே கழுத்து அல்ட்ராசவுண்டு, இடது 3, 4-ஆம் பகுதிகளில் தனிக் கவனத்தோடு. கால்சிட்டோனின் தொடர்ந்து ஏறி, அங்கே வடிவம் மாறிய கணு தெரிந்தால் ஊசி செலுத்திக் கழுவுதிரவத்தில் கால்சிட்டோனின் பார்ப்பது. உறுதியானால் இடது பக்கவாட்டைத் திறப்பது. 150-ஐத் தாண்டினால் மட்டுமே நெஞ்சு, கல்லீரல், எலும்பு வரை தேடுவது. திட்டம் இவ்வளவுதான் என்று நோயாளியிடம் எழுத்தில் கொடுக்கப்பட்டிருக்கிறது.